மண்ணுக்குள் இருந்த கிண்ணம்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். நம்ம சாவிக்காரி அந்த வகைப் பூனை இல்லை. அடுப்பு சுட்டதா, சரி, எந்தப் பக்கம் சுட்டது, ஏன் சுட்டது என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது. அவளுடைய அக்காவைக் கேட்டால், "அதுக்குப் பேரு திமிரு" என்பாள். அக்கா சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாவிக்கடை என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. உள்ளே ஓர் ஆள் திரும்ப வேண்டுமென்றால் இன்னோர் ஆள் வெளியே போய் நிற்க வேண்டும். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க இன்னும் வெட்டாத வெற்றுச் சாவிகள். மேஜையில் சாவி வெட்டும் மெஷின், பிசிறு தேய்க்கிற அரம், பித்தளைத் தூள் அப்பிய ஒரு பிரஷ். படி ஏறினால் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, வண்டிகள் நிறுத்துகிற இடத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். புருஷன் தவறிய பிறகு அக்காவும் இங்கேயே வந்து சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிடுகிற வேலை. அந்தக் குரலை வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டு வர அவளுக்குத் தெரியாது. தங்கை குளியலறையில் கொஞ்சம் தாமதித்தால், "அடுத்தது யாரு" என்று வெளியிலிருந்து சத்தம் வரும்.

சாவிக்காரி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம், "வெட்டிப் பார்த்தேன், ஒண்ணும் திரும்பல" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போடுவாள். அந்தச் சத்தத்தில் அடுத்த கேள்வி கேட்காது.

சாவி வெட்டுகிறவர்களுக்குக் கண்தான் முதல். இரண்டு சாவியைச் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் மயிரிழை வித்தியாசமும் அவளுக்குத் தெரியும். முக்கால்வாசி சரியான சாவி என்று ஒன்று கிடையாது. அது உள்ளே போகும், ஆனால் திரும்பாது. ஆத்திரப்பட்டுத் திருகினால் உள்ளேயே ஒடிந்து பூட்டையும் கெடுக்கும். இத்தனையும் தெரிந்தவள்தான் அந்த வருஷம் காளானில் ஏமாந்தாள்.

பஸ் கடைசியாகப் போய் நிற்கிற இடத்துக்கு அப்பால் காடு. மழைக்காலம் வந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கூட்டம் அங்கே கூடையோடு நடக்கும். காளான் தேடிப் பறித்து வருவது அவர்களுடைய பொழுதுபோக்கு. கூட்டத்துக்கு வாய் என்றால் பஸ் டிரைவர்தான். வாரம் முழுக்க அந்த ரூட்டில் வண்டி ஓட்டுகிற மனிதர், லீவு நாளிலும் அதே பஸ்ஸில் ஏறி, ஓட்டுகிறவருக்கு யோசனை சொல்லிக்கொண்டு வருவார். சாவிக்காரிக்கு முதல் முதலில் காளான் பறிக்கச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்.

"பிடுங்கக் கூடாது சாவிக்காரம்மா. மண்ணோட ஒட்டி நறுக்குன்னு வெட்டணும். அடி உள்ள இருந்தாத்தான் மறுபடி முளைக்கும். வீட்டுக்கும் மண்ணு போகாது."

கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் வெட்டினார்கள். அவர்களிலேயே சாவிக்காரியின் வெட்டுதான் சுத்தம். கையில் பழகிய கத்தி, கண்ணில் பழகிய அளவு. அவள் கூடையைப் பார்த்தால் கடையில் வாங்கியது போல இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

மரத்தடி இலைக்குப்பையில் ஒரு வெள்ளைக் காளான் வரும். முகர்ந்தால் லேசாகச் சோம்பு வாசம் அடிக்கும். நல்ல ருசி. அக்காவுக்கு அதென்றால் உயிர். அந்த ஞாயிற்றுக்கிழமை அது நிறையக் கிடைத்தது. அவற்றோடு இன்னொரு வெள்ளையும் கூடைக்குள் வந்து சேர்ந்துகொண்டது. தொப்பி அதேபோல வெள்ளை. எல்லாம் குருத்து என்பதால் தொப்பிக்கு அடியிலிருந்த மடிப்புகளும் வெளிறித்தான் இருந்தன. வாசமோ, ஒரே கூடையில் கிடந்ததில் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. கண்டுபிடிக்க மிச்சமிருந்தது ஓர் அடையாளம்தான். கொல்லுகிற காளான், மண்ணுக்குள்ளே உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து எழும்பும். நல்ல காளானுக்கு அந்தக் கிண்ணம் கிடையாது. அந்தக் கிண்ணத்தைத்தான் அவள் கத்தியால் அழகாக வெட்டி மண்ணிலேயே விட்டுவிட்டு வந்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி அடுப்பில் ஏற்றினாள்.

வெண்ணெயும் மிளகுத்தூளும் போட்டு வதக்கி இறக்கும்போது போன் வந்தது. யாரோ ஒரு தாய், குழந்தை உள்ளே தூங்க, கதவு தானாகப் பூட்டிக்கொண்டு வெளியே நின்று தவித்துக்கொண்டிருந்தாள். சாவிக்காரி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது சட்டி காலி.

"உனக்கு வைக்கலாம்னுதான்டி பார்த்தேன். கை கேக்கல" என்றாள் அக்கா.

மறுநாள் விடிந்ததிலிருந்து அக்காவுக்கு வாந்தி. அடுத்த நாள் தெளிந்தது போல இருந்தது, எழுந்து டீ கூடப் போட்டாள். அதுதான் அந்த விஷத்தின் குணம். போய்விட்டது என்று நம்ப வைத்துவிட்டு உள்ளே கல்லீரலைப் பிடித்துக்கொள்ளும். கண் மஞ்சளானபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். குழாயும் ஊசியுமாக அக்கா கிடந்த நாட்களில் சாவிக்காரி கடையைத் திறக்கவே இல்லை. பிழைத்தது தெய்வச் செயல் என்று அக்கா சொல்வாள், டாக்டர் வேறு ஏதோ பெயர் சொன்னார். எப்படியோ பிழைத்தாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. "தான் ஒரு வாய் தொடலையாமே, அக்காவுக்கு மட்டும் கொடுத்தாளாமே" என்று தெருவில் பேசினார்கள். அப்படிப் பேசிய ஒருத்தியை அக்கா படியில் நின்று தன் டோக்கன் குரலில் கேட்ட கேள்வியில், அவள் இன்றைக்கும் எதிர்வரிசைப் பக்கமாகத்தான் நடக்கிறாள். தங்கையை யாரும் ஒரு சொல் சொல்ல அக்கா விடமாட்டாள். ஆனால் சமையலறையில் கதை வேறு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் நாள் தங்கை கொடுத்த கஞ்சியை அக்கா வாயில் வைத்தாள். உள்ளே போகவில்லை. ஓடிப்போய்த் துப்பினாள். அடுத்த நாள் அவித்த முட்டை, அதற்கு அடுத்த நாள் வெறும் டீ. எதுவும் இறங்கவில்லை. கடைசியில் அக்கா தனக்கென்று ஒரு சின்னச் சட்டி வாங்கி வந்தாள்.

"உன் மேல கோபம் இல்லடி. சத்தியமா இல்ல. மனசு ஒத்துக்குது, தொண்டைதான் ஒத்துக்க மாட்டேங்குது."

"பரவால்லக்கா" என்றாள் சாவிக்காரி. அது வாய் சொன்னதுதான். நெஞ்சு வெந்தது.

அப்புறம் அந்த வீட்டில் எல்லாம் இரண்டாயிற்று. இரண்டு சட்டி, இரண்டு அலமாரித் தட்டு, இரண்டு உப்பு டப்பா. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து அவரவர் சமைத்ததை அவரவர் சாப்பிட்டார்கள். முன்பெல்லாம் தங்கை சமையலில் குறை சொல்லாமல் அக்காவுக்கு ஒரு வாய் இறங்காது. உப்பு இல்லை, காரம் தூக்கல், இதுக்குப் பேரு குழம்பா என்று ஏதாவது ஒன்று வரும். இப்போது ஒரு குறையும் வரவில்லை. சாவிக்காரியை அரித்துத் தின்றது அதுதான். அக்கா தன் கையால் மறுபடி ஒரு வாய் சாப்பிட வேண்டும், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்வது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

இனி காளான் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டாள் என்று எல்லோரும் நினைத்தபோது, அவள் நேராக மருந்துக்கடை அம்மாவிடம் போய் நின்றாள். அந்த அம்மாவும் காட்டு நடை கூட்டிப் போகிறவர்தான், ஆனால் டிரைவர் கூட்டம் மாதிரி அரட்டை கிடையாது. மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடி கழுத்தில் தொங்கும். நடந்தது முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்:

"வெள்ளை வேண்டாங்க. தொப்பிக்கு அடியில பஞ்சு மாதிரி இருக்கிற பழுப்பு ஒண்ணு இருக்கு, அதுல ஆரம்பிங்க. அதுல பெரிய ஆபத்து இல்ல."

"எனக்கு வெள்ளைதான் வேணும்."

"ஏன் இந்த வீம்பு?"

"எது என்னை ஏமாத்துச்சோ அதைத்தானே நான் தெரிஞ்சுக்கணும்."

மருந்துக்கடை அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப முதல்ல அந்தக் கத்தியை வீட்டுல வச்சுட்டு வாங்க" என்றார்.

கத்தி போய்க் கையில் மண் தோண்டுகிற ஒரு சின்னக் கரண்டி வந்தது. சுற்றி மண்ணைத் தள்ளி, காளானை அடியோடு, ஒரு பொட்டு உடையாமல் தூக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்ற வேண்டும். எந்த மரத்தடி என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, ஆரம்பத்தில் அவளுக்குச் சுத்தமாக வரவில்லை. அடி ஒடிந்து ஒடிந்து வந்தது. ஒடிந்ததையெல்லாம் மருந்துக்கடை அம்மா வாங்கி, பார்க்காமலே புதருக்குள் எறிந்தார். "நல்லதுங்க அது, வாசம் பாருங்க" என்று ஒருநாள் இவள் வாதாடினாள். "நல்லதா இருக்கலாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார்.

டிரைவர் காட்டுப் பாதையில் எதிரே வரும்போதெல்லாம் விடமாட்டார். "என்ன சாவிக்காரம்மா, புதையல் ஏதாவது அகப்பட்டுச்சா?" கெட்ட மனிதர் இல்லை. அக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து வாசலிலேயே கண் கலங்கி நின்றவர்தான். ஆனாலும் கை மாறவில்லை. "அன்னைக்கு ஏதோ கெட்ட நேரம்" என்று சொல்லிவிட்டு, இன்னமும் வெட்டிக்கொண்டேதான் இருந்தார்.

வீட்டில் நடந்த கூத்து தனி. காளான் தொப்பியைக் காம்பிலிருந்து எடுத்து, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதத்தில் கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடி டம்ளரை மூடி வைத்தால், விடிவதற்குள் மடிப்புகளிலிருந்து நுண்ணிய பொடி உதிர்ந்து காகிதத்தில் ஒரு வட்டம் விழும். நல்ல வெள்ளைக்குக் காப்பிக்கொட்டை நிறம். கொல்லுகிற வெள்ளைக்கு வெள்ளையேதான். அதைப் பார்க்கத்தான் கறுப்புக் காகிதம். முதல் தடவை அலமாரியில் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்ததைப் பார்த்து அக்கா வீட்டை இரண்டாக்கிவிட்டாள்.

"வெளிய கொண்டு போ. இப்பவே கொண்டு போ."

கடைக்குக் கொண்டுபோனாள். சாவி வெட்ட வந்தவர்கள் டம்ளரைப் பார்த்து, "உள்ள என்னம்மா, தேளா?" என்று கேட்டார்கள். "எங்க அக்காவோட சம்மதம்" என்றாள் இவள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த மழைக்காலமும் வந்தது. ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய அக்கா கடை வாசலில் நின்று, எட்டத்திலிருந்தே கழுத்தை நீட்டினாள்.

"இது என்ன கலரு?"

"பழுப்பு. நல்லது."

"அது?"

கறுப்புக் காகிதத்தில் வெள்ளை வட்டம் மாவு தெளித்தது போல விழுந்திருந்தது. "அதான் அன்னைக்கு வந்தது" என்றாள் சாவிக்காரி. பக்கத்திலேயே அதன் அடியையும் வைத்திருந்தாள், கிண்ணத்தோடு. அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தாள். தொடவில்லை. பஸ்ஸையும் விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் ஒரு தடவை வந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா சொன்னாள்: "நாளைக்குப் போறியே, கிடைச்சா கொண்டா. நானும் சாப்பிடறேன்."

சாவிக்காரிக்குக் காது சரியாகத்தான் கேட்டதா என்று சந்தேகம். "நிஜமாவா?"

"நீ இன்னும் எவ்வளவு காலத்துக்குத்தான் மண்ணைத் தோண்டிட்டே இருப்ப? செத்தா சாகிறேன், போ. இந்த ரெண்டு சட்டி கழுவற தொல்லையாவது ஒழியும்."

பேச்சு விளையாட்டாகத்தான் இருந்தது. ஆனால் கழுவின சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பயம் போகவில்லை, பயத்தோடுதான் சம்மதிக்கிறாள் என்று தங்கைக்குத் தெரிந்தது. இருந்தாலும் சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காட்டில் அவள் யாரோடும் பேசவில்லை. வெள்ளைகளை அடியோடு தோண்டினாள், தனித்தனியாகச் சுற்றினாள். மருந்துக்கடை அம்மா ஒவ்வொன்றையும் பிரித்து, அடியைப் பார்த்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, கடைசியில் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டியதை அன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். திரும்பி வந்து கடையில் ஒன்று பாக்கியில்லாமல் டம்ளர் கவிழ்த்தாள். காலையில் பார்த்தால் அத்தனையும் பழுப்பு. மாடிக்குக் கொண்டுபோய் மேஜையில் ஒரு தட்டில் அடுக்கி வைத்துவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கூப்பிட்டார்கள். யாரோ ஒருத்தர் ஸ்கூட்டர் பூட்டில் சாவியை ஒடித்துக்கொண்டு நின்றார்.

ஒடிந்த துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மேஜையில் அக்கா. முன்னால் பலகை. அக்கா காளான் நறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அப்புறம் காளானைத் தொடவே தொடாத அக்கா, எல்லாவற்றையும் கழுவி, காம்பு வேறு தொப்பி வேறாகப் பொடிப்பொடியாக நறுக்கி முடித்திருந்தாள். சாவிக்காரி அடுப்பைப் பற்றவைத்தாள். வெண்ணெய், மிளகுத்தூள். அன்றைய அதே வாசம் எழுந்தது. அக்கா ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு தட்டில் பரிமாறியாயிற்று. நான் முதலில் சாப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த விஷம் உடனே காட்டாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். சாப்பிட்டால் நம்பித்தான் சாப்பிட வேண்டும். அக்கா கரண்டியில் எடுத்தாள். பயத்தை மறைக்கத்தான் பேச்சுக் கொடுத்தாள் போலிருக்கிறது.

"நிறையவே இருக்குடி. டிரைவர் கொடுத்ததையும் சேத்துட்டேன்."

"என்ன கொடுத்தாரு?"

"நீ கீழ போன நேரத்துல, டியூட்டிக்குப் போற வழியில பின்வாசல் பக்கமா வந்து ஒரு பை நீட்டினாரு. நேத்து பறிச்சாராம், உனக்குன்னு. இதே வெள்ளைதான். எவ்வளவு சுத்தமா வெட்டியிருந்தாரு தெரியுமா, மண்ணே இல்ல."

சாவிக்காரி கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கரண்டியை வாங்கித் தட்டில் வைத்தாள். இரண்டு தட்டையும் எடுத்துச் சட்டியில் கொட்டினாள்.

"என்னடி பண்ற? அவருக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா சாப்பிடற மனுஷன்."

"அவருக்குத் தெரியும்க்கா. நல்லதாத்தான் இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"எனக்குத் தெரியாது."

"கொஞ்சம்தான்டி போட்டேன். பாக்கியெல்லாம் உன்னுதுதானே. நீ ராத்திரியெல்லாம் காவல் காத்தது."

"எது என்னுது, எது அவருதுன்னு இப்ப எப்படிப் பிரிக்கிறது?"

பேசிக்கொண்டே எல்லாவற்றையும் வழித்துக் காகிதத்தில் கட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். இரண்டு மழைக்காலம் மண்ணில் மண்டியிட்டதும் ஒடிந்த காளான்கள் புதருக்குள் பறந்ததும் கடையில் பட்ட கேலியும் அதற்குள்ளே போயின. அவள் கை ஒரு நிமிஷம்கூடத் தயங்கவில்லை. சட்டியைத் தேய்த்தாள். கத்தியையும் பலகையையும் கரண்டிகளையும் தேய்த்தாள். மறுநாள் சேதி கேள்விப்பட்ட டிரைவர் குத்துக்கல்லாக வந்து நின்று, "நானும் அதைத்தானே தின்னேன், எனக்கென்ன ஆச்சு" என்று சண்டை பிடித்தார். அவர் சொன்னது சரிதான், அது நல்ல காளான்தான். அதற்கும் அவள், "ஆமாண்ணே, தெரியும்" என்று மட்டும் சொன்னாள். ஆனால் அன்றைக்குச் சட்டி தேய்க்கும்போது அவளுக்கு எதுவும் தெரியாது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள். இனி அக்கா இன்னொரு தடவை அந்த நாற்காலியில் வந்து உட்கார மாட்டாள். கண்ணீர் பாட்டுக்கு வந்தது, சோப்புக் கையால் துடைக்கவும் முடியவில்லை.

அக்கா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, தங்கை தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. சாவிக்காரி தன் சட்டியைத் துடைத்து அடுப்பில் வைத்து, தனக்கு ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள். இரண்டு துண்டு ரொட்டியை வாட்டினாள். தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, தலை நிமிராமல் பிய்க்கப் போனாள். எதிரிலிருந்து ஒரு கை வந்து தட்டைத் தன் பக்கம் இழுத்தது.

"உனக்கு வேற ஊத்திக்கோ" என்றாள் அக்கா.

ரொட்டியைப் பிய்த்தாள். முட்டையில் தோய்த்தாள். வாயில் வைத்து மென்றாள். சாவிக்காரி மூச்சு விடாமல் அக்காவின் தொண்டையையே பார்த்தாள். அது ஏறி இறங்கியது. உள்ளே போனது உள்ளேதான் இருந்தது. அக்கா இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள். அதையும் மென்று முழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு பத்தலடி."

அவ்வளவுதான். சாவிக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எழுந்து போய், தன் அலமாரித் தட்டிலிருந்த உப்பு டப்பாவை எடுத்து வந்து மேஜை நடுவில் வைத்தாள்.